பிறப்பைத் தேர்வு செய்யும் திரை

பிறப்பதற்கு முன்னால் யாரும் நம்மிடம் விருப்பம் கேட்பதில்லை. எந்தத் தெரு, எந்த வீடு, எந்தச் சாதி என்பதெல்லாம் நாம் கண் திறப்பதற்குள் முடிந்துபோன காரியங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஓர் இடம் உண்டு. ஆர்பிஜி வகை வீடியோ கேம்களின் முதல் திரை. வாளும் மந்திரமும் டிராகன்களும் உலவுகிற கற்பனை உலகத்துக்குள் நுழையும் முன், நாம் யார் என்பதை நாமே உருவாக்க வேண்டும். மூக்கு எவ்வளவு நீளம், கண் என்ன நிறம் என்பதில் தொடங்கி, என்ன இனம், யாருக்குப் பிறந்தவர் என்பது வரை. பலர் மூக்குக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, பிறப்பை அரை நிமிடத்தில் சொடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கூடவே, அதே கேமில் பல மணி நேரம் கழித்து வருகிற காதல் காட்சிகளைப் பற்றியும். கேம் ஆடுகிற நண்பர்கள் பலருக்கு இவை தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள். சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக்குக் கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயரிலேயே பிறப்பு இருக்கிறது. தொடக்கத்தில் ஆறு பிறப்புகளைக் காட்டுகிறது: மனிதப் பிரபுவின் பிள்ளை, மந்திரவாதி, நகரத்து எல்ஃப், காட்டு எல்ஃப், ட்வார்ஃப் அரச குடும்பம், ட்வார்ஃப் சாமானியர். ஒவ்வொன்றுக்கும் தனியான தொடக்கக் கதை, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடும். அதன் பிறகு ஆறு பேரும் ஒரே பெரிய கதைக்குள் வந்து சேருகிறார்கள். உலகத்தைக் காக்கும் வழக்கமான கதைதான். ஆனால் வந்த வழியை அந்த உலகம் மறக்காது. (ட்வார்ஃப் என்பதைக் குள்ளர் என்று மொழிபெயர்க்க எனக்கு மனமில்லை. அது நம் ஊரில் இன்னும் வசவு.)

ட்வார்ஃப்களின் நகரம் ஓர்சமார். பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே சாதி உண்டு. உவமையாகச் சொல்லவில்லை, கேமே அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. பிரபுக்கள், போர்வீரர்கள், கொல்லர்கள், கைவினைஞர்கள், வணிகர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பணியாளர்கள். இவர்கள் எல்லோருக்கும் கீழே, கணக்கிலேயே சேராத சாதியற்றவர்கள். பிறந்ததும் அவர்களுடைய முகத்தில் பச்சை குத்தி முத்திரை வைத்துவிடுகிறார்கள். நகரத்தின் ஆவணக்காப்பகத்தில் அவர்களுடைய பெயர் எழுதப்படுவதில்லை. தங்களைப் பெற்றதாக ட்வார்ஃப்கள் வணங்கும் ‘கல்’ இவர்களை ஏற்றுக்கொள்வதில்லையாம். ஏன்? என்றோ ஒரு முன்னோர் செய்த குற்றம். அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரைத் தமிழில் புழுதிச்சேரி என்று வைத்துக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பு கொஞ்சமும் மிகையில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். பிறப்பைத் தேர்வு செய்யும் திரையில் இந்தப் பிறப்புக்கு எழுதியிருப்பது ‘சாமானியர்’. உள்ளே போன பிறகுதான் அங்கே யாரும் உங்களைச் சாமானியர் என்று கூப்பிடுவதில்லை என்று தெரிகிறது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு சொல், தெருவில் ஒரு சொல். நமக்குப் பழக்கமானதுதான்.

அந்தக் கதையில் நீங்கள் ஓர் அடியாள். புழுதிச்சேரியில் வேறு வேலை கிடையாது. சாதியற்றவருக்குத் தொழில் செய்யும் உரிமை இல்லாததால் மிஞ்சுவது பிச்சை, திருட்டு, அடிதடி. அதைக் காட்டியே, பிறவியிலேயே குற்றவாளிகள் என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் முதலாளி, அரங்கில் நடக்கும் போர்வீரர் போட்டி ஒன்றில் பந்தயம் கட்டியிருக்கிறான். அவன் பணம் கட்டிய வீரன் ஜெயிக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. போய்ப் பார்த்தால் அந்த வீரன் குடித்து மயங்கிக் கிடக்கிறான். வேறு வழியில்லாமல் அவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு நீங்களே அரங்கில் இறங்குகிறீர்கள். ஒவ்வொருவராக எல்லோரையும் வீழ்த்துகிறீர்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்கிறார்கள். முகத்தில் முத்திரை. ஆர்ப்பரிப்பு அந்த நொடியோடு நிற்கிறது. ஜெயித்தவர் சிறைக்குப் போகிறார்.

மகாபாரதத்தில் வில்வித்தை காட்ட வந்த கர்ணனிடம் கிருபர் கேட்டது எத்தனை அம்பு எய்வாய் என்றா? உன் குலம் என்ன என்றுதான் கேட்டார். நுழைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகும் ‘எந்த கோட்டா?’ என்று கேட்கப்பட்டவர்கள் இதைப் படிக்கும்போது நான் விளக்க வேண்டியதில்லை. தகுதி, திறமை என்று முழங்குகிற அரங்கம் தகுதியை நேருக்கு நேர் கண்டதும் எப்படி மிரண்டுபோகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி கேம்களில் நான் வேறு பார்த்ததில்லை.

இந்த வகை கேம்களுக்கெல்லாம் தாய்வீடான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ காகித விளையாட்டில் தகுதி வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது. 2000-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ‘அரை ஆர்க்’ ஆகப் பிறந்தால் உடல் வலிமையில் இரண்டு புள்ளி கூடும், அறிவில் இரண்டு புள்ளி குறையும், வசீகரத்தில் இரண்டு புள்ளி குறையும். பிறப்பிலேயே! உடம்பு உழைப்பதற்கு, மூளை மற்றவர்களுக்கு. நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டத்தை அமெரிக்காவில் பகடை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2024 பதிப்பில் அந்தப் புள்ளிகளை இனத்திலிருந்து எடுத்து, நீங்கள் என்ன வேலை செய்து வளர்ந்தீர்கள் என்பதோடு சேர்த்துவிட்டார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ‘பிறப்பால் இல்லை, தொழிலால்தான்’ என்ற வாதத்தை வருண தருமத்துக்கு வக்காலத்து வாங்குபவர்களிடம் நூறு தடவை கேட்ட காது நம்முடையது. யார் எந்த வேலையைச் செய்து வளர முடிந்தது என்ற கேள்வியை எந்தப் புள்ளியும் கேட்பதில்லை.

சரி, ஆரிஜின்ஸுக்கே வருகிறேன். கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரே மடிக்கணினியில் முறை வைத்து இதை ஆடினோம். மூன்று பேர் மனிதப் பிரபுவை எடுத்தார்கள். நான் புழுதிச்சேரியை எடுத்தபோது தோழி ஒருத்தி சிரித்தாள். “ஏன்டி, இங்கேயும் வந்து அதேவா?” அவள் நல்லவள். அந்த ‘அதே’ என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. நான் திருப்பிக் கேட்டேன்: “நீ எடுத்திருக்கிறதும் அதே தானே?” அவளுக்கு அது புரியவில்லை. அவள் எடுத்தது அவளைப் பொறுத்தவரை ஒரு பிறப்பே இல்லை. சும்மா கதாநாயகி.

கேமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மனிதப் பிரபுவின் கதையில் கோட்டை இருக்கிறது, அன்பான அப்பா அம்மா இருக்கிறார்கள், நம்பிக்கைத் துரோகம் இருக்கிறது, குடும்பமே அழிகிறது. கண்ணீர் வரும். ஆனால் அந்தக் கதையில் ஒருவர்கூட உங்களைப் பார்த்து ‘நீ மனிதப் பிரபு’ என்று முகத்தைச் சுளிப்பதில்லை. உங்களுக்கு நேர்வது துயரம், உங்கள் பிறப்பால் நேர்வது அல்ல. நகரத்து எல்ஃபாகப் பிறந்தாலோ உங்கள் கல்யாண நாள் அன்று கதை தொடங்குகிறது. மதில் சூழ்ந்த குடியிருப்பு, நடுவே ஊரார் போற்றும் பெரிய மரம். நகரத்தின் பிரபு மகன் தன் கூட்டாளிகளோடு கல்யாண வீட்டுக்குள்ளேயே நுழைந்து பெண்களை இழுத்துக்கொண்டு போகிறான். நீங்கள் பெண் கதாபாத்திரமாக இருந்தால் உங்களையும் சேர்த்து. மீட்கப் போகும்போது அவன் உங்களிடம் ஒரு பேரம் பேசுகிறான்: பொற்காசுகளை வாங்கிக்கொண்டு பெண்களை விட்டுவிட்டுப் போ. அந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்ளும் வாய்ப்பையும் கேம் கொடுக்கிறது. எத்தனை வழக்குகளில், எத்தனை ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, எவ்வளவு தொகைக்கு இந்தக் காட்சி நம் மண்ணில் நடந்திருக்கிறது!

‘சாதியற்றவர்’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர்சமாரில் அது முகத்தில் குத்தப்பட்ட இழிவு. நூறு ஆண்டுகளுக்கு முன் அயோத்திதாசர் தம் மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று அழைத்தபோது அது கொடி. இன்று பெருநகரத்து அலுவலகத்தில் ‘எனக்கெல்லாம் சாதியே கிடையாது ப்ரோ’ என்று ஒருவர் சொல்லும்போது அது வேறொன்று. மூன்று தலைமுறையாகச் சாதி செய்துகொடுத்த எல்லா வேலையும் முடிந்தபிறகு கழற்றி மாட்டிய சட்டை. என் விடுதித் தோழிகள் எடுத்த மனிதப் பிரபு இந்த மூன்றாவது வகைச் சாதியற்றவர்.

அதற்காக எல்லோரும் புழுதிச்சேரியில்தான் பிறக்க வேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. என் சித்தி மகளுக்குப் பதினேழு வயது. காலனியிலேயே வளர்ந்தவள். எந்த கேம் கிடைத்தாலும் அவள் எடுப்பது எல்ஃப் இளவரசி, அதிலும் பளபளவென்று மகுடம் வைத்தவள். ஏன் என்று கேட்டேன். “அக்கா, அத நான் வீட்ல தினமும் பாக்குறேன். இங்க எதுக்கு?” அவள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. மகுடம் அவளுக்கு உரியது. கேட்டால் இரண்டு மகுடம் வைத்துக்கொள்ளட்டும். தப்பிக்கும் உரிமை அதிகம் தேவைப்படுவது யாருக்கோ அவர்களுக்குத்தான் அது கடைசியாகக் கிடைக்கிறது. என் கேள்வி, எந்தத் திரையிலும் எதிலிருந்தும் தப்பிக்கத் தேவையில்லாதவர்கள் ஏன் தப்பிப்பதற்கு மறுபடியும் அதே மாளிகைக்குப் போகிறார்கள் என்பது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆதிக்கச் சாதி நண்பர் ஒருவர் புழுதிச்சேரியில் இரண்டு மணி நேரம் வாழ்ந்துவிட்டு வந்து ‘வலி புரிந்தது’ என்று பதிவு போடுவது. அது சுற்றுலா. அரங்கில் பிடிபட்ட அந்தச் சாதியற்ற வீரரை ஒரு படைத்தலைவர் வந்து மீட்டுத் தன் படையில் சேர்த்துக்கொள்கிறார், கர்ணனுக்கு அங்க தேசம் கிடைத்த மாதிரி. கதாநாயகர் வெளியேறிவிடுவார். புழுதிச்சேரி அங்கேயே இருக்கும். ஒருவர் ஏணியில் ஏறிப் போனதைக் கண்டு மகிழ்ந்துவிட்டு ஏணியின் அடியில் இருப்பவர்களை மறப்பது கேமுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை.

ஆனால் ஆரிஜின்ஸ் உங்களை அங்கே திரும்பக் கூட்டி வருகிறது. அதுதான் இந்த கேமின் சிறப்பு என்று நினைக்கிறேன். பெரிய கதையின் நடுவே ஓர்சமாருக்கு மீண்டும் போகிறீர்கள். அரசர் இறந்துவிட்டார். அடுத்தது யார் என்று இரண்டு பேர் மோதுகிறார்கள். ஹாரோமாண்ட் என்ற மூத்த பிரபு: நேர்மையானவர், அடக்கமானவர், மரபை மதிப்பவர். பெலன் என்ற இளவரசன்: சூழ்ச்சிக்காரன், இரக்கமில்லாதவன். நீங்கள் ட்வார்ஃப் அரச குடும்பத்தில் பிறந்திருந்தால் பெலன் உங்கள் தம்பி. அண்ணனைக் கொல்லச் செய்து பழியை உங்கள்மேல் போட்டு, உங்களைச் சாகட்டும் என்று இருட்டுச் சுரங்கங்களுக்கு அனுப்பியவன். அவனுக்கா முடிசூட்டுவீர்கள்?

புழுதிச்சேரியில் பிறந்திருந்தால் அதே பெலன் உங்கள் அக்கா ரீகாவின் குழந்தைக்கு அப்பா.

இங்கேதான் பிறப்புச் சட்டம் வருகிறது. ஓர்சமாரில் ஆண் குழந்தைக்கு அப்பாவின் சாதி, பெண் குழந்தைக்கு அம்மாவின் சாதி. ஆகவே சாதியற்ற பெண் ஒருத்தி பிரபுவுக்கு ஆண் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை பிரபு. அவளும் அவள் குடும்பமும் அந்த வீட்டோடு சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். பெண் பிள்ளை பிறந்தால் அதன் முகத்திலும் முத்திரை. புழுதிச்சேரியின் இளம்பெண்களுக்கு மேலே போக இருக்கும் ஒரே படிக்கட்டு இதுதான். ரீகாவின் உடுப்பு, நகை, பேச்சுப் பயிற்சி எல்லாமே அந்த அடியாள் முதலாளி போட்ட முதலீடு. இதைக் காதல் என்று சொல்வீர்களா, பிழைப்பு என்று சொல்வீர்களா? கேம் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருக்கிறது. ரீகாவோ தனக்கு அவன்மேல் அன்பு உண்டு என்கிறாள். நான் அவளை நம்புகிறேன். வேறு வழி இல்லாதவர்களுக்கும் அன்பு வரும்.

முடிவுரையில் தெரிகிறது: நேர்மையான ஹாரோமாண்டின் ஆட்சியில் சாதியற்றவர்கள் மீதான கட்டுப்பாடுகள் மேலும் இறுகுகின்றன, நகரம் கதவை அடைத்துக்கொள்கிறது. கொடூரமான பெலன் பிரபுக்களின் சபையையே கலைத்துவிட்டு, வெளியுலகோடு வணிகத்தைத் திறந்து, போரில் ஆயுதம் ஏந்தும் சாதியற்றவர்களுக்கு உரிமைகள் தருகிறான். எங்கள் விடுதி அறையில் பிரபுக்களாக ஆடிய மூவரும் ஹாரோமாண்டுக்கு முடிசூட்டினார்கள். ‘ஆளைப் பார்த்தாலே தெரியுதே, நல்ல மனுஷன்.’ நல்ல மனுஷன்தான். தன் நகரத்தில் பாதிப் பேரை மனிதர்களாகக் கணக்கெடுக்காத ஒரு நல்ல மனுஷன். பெலன் சர்வாதிகாரி என்பதை நான் மறைக்கவில்லை. சபையைக் கலைத்தவன் நாளை யாரையும் கலைப்பான். ஆனால் ஒருவரை நல்லவர் என்று சொல்லும்போது யாருடைய வாசலில் நின்று சொல்கிறோம் என்ற கேள்வியை இந்தத் தேர்வு எழுப்புவதைப் போல் எங்கள் பாடப்புத்தகம் எதுவும் எழுப்பியதில்லை.

ரீகாவின் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். சின்னக் கிளைக்கதை, அவசரமாக ஆடுபவர்கள் கண்ணில் படாமலே போய்விடும். செர்லிண்டா. சுரங்கத் தொழிலாளர் சாதிப் பெண், சாதியற்ற ஒருவனோடு பழகிப் பிள்ளை பெற்றவள். ஆண் பிள்ளை. ஆகவே அப்பாவைப் போல அவனும் சாதியற்றவன். அவளுடைய வீட்டார் சொன்ன தீர்வு: குழந்தையைக் கொண்டுபோய் ஆளில்லாத சுரங்கங்களில் விட்டுவிடு, இறந்துபோனதாகச் சொல்லிக்கொள்ளலாம், நீ வீட்டுக்கு வரலாம். அவள் மறுத்துவிட்டாள். புழுதிச்சேரியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். மேல்சாதி ஆண் கீழ்ச்சாதிப் பெண்ணிடம் பிள்ளை பெற்றால் ஏதோ ஒரு விதி கண்டுபிடிக்கிறார்கள். மேல்சாதிப் பெண் கீழ்ச்சாதி ஆணிடம் போனால் ஒரே விதி. மனுஸ்மிருதி முதலாவதற்கு அனுலோமம் என்றும் இரண்டாவதற்குப் பிரதிலோமம் என்றும் பெயர் வைத்து, பார்ப்பனப் பெண்ணுக்கும் சூத்திர ஆணுக்கும் பிறந்த குழந்தையைச் சண்டாளன் என்று கீழே தள்ளியது. ஓர்சமாரை எழுதியவர்கள் மனுவைப் படித்திருந்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. சாதியைக் கற்பனையில் நேர்மையாகக் கட்டினால், அதன் வாசல் பெண்ணின் கருப்பையில்தான் வந்து முடியும். அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் சாதியை உடைக்கும் உண்மையான மருந்தாகக் கலப்பு மணத்தைச் சொன்னது இதனால்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது.

இந்த வெளிச்சத்தில் கேம் காதல்களைப் பாருங்கள்.

ஆரிஜின்ஸில் பெண் கதாபாத்திரமாக ஆடுபவர்கள் பெரும்பாலும் மனதைப் பறிகொடுப்பது அலிஸ்டரிடம். வேடிக்கையாகப் பேசுபவன், கூச்சக்காரன், ரோஜா ஒன்றை எடுத்துவைத்திருந்து நீட்டுபவன். இறந்த அரசரின் முறைப்படியல்லாத மகன். சிறுவயதில் பிரபு ஒருவரின் வீட்டில் குதிரை லாயத்தில் படுத்து வளர்ந்தவன். இனப் பெருமை துளியும் இல்லாதவன். நீங்கள் எல்ஃபாக இருந்தாலும் ட்வார்ஃபாக இருந்தாலும் அவன் காதலிப்பான். எந்தத் தடையும் இல்லை. பல மணி நேரம் கூடாரத்தில், காட்டில், போர்க்களத்தில் அந்தக் காதல் வளர்கிறது. பிறகு அரியணை யாருக்கு என்ற சபை கூடுகிறது. அலிஸ்டர் அரசனானால், நீங்கள் மனிதப் பிரபுவின் மகளாக இருந்தால் அரசியாகலாம். வேறு யாராக இருந்தாலும் அவன் வந்து வருத்தத்தோடு பேசுவான். நாட்டுக்கு வாரிசு வேண்டும். கடமை. மக்கள் ஏற்க மாட்டார்கள். ட்வார்ஃப் இளவரசிக்கும் இதே பதில்தான், பிரபுத்துவம் தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம். முன்னதாகவே அவன் மனதை இறுக்கும்படி நீங்கள் பேசியிருந்தால் இன்னொரு வழி திறக்கும்: அரசனின் ஆசைநாயகியாக இருந்துகொள்ளலாம்.

‘நான் ஒத்துக்குவேன், வீட்ல ஒத்துக்க மாட்டாங்க.’ தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு இறுதித் தேர்வுக்கு முன்னால் எத்தனை அலிஸ்டர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள்! அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இந்தக் காட்சி ஆடுபவரை உலுக்குவதற்குக் காரணம். வில்லன் ஒருவன் பிரித்திருந்தால் அவனை வெட்டிவிட்டுப் போகலாம். இங்கே பிரிப்பது, உங்களை உண்மையாகவே நேசிக்கிற ஒருவனின் பொறுப்புணர்ச்சி. இது வந்த காலத்தில் தோழிகள் பலருக்குக் கோபம், எல்ஃபையும் அரசியாக்கும் ஒரு வழியை வைத்திருக்க வேண்டாமா என்று. எனக்கு அந்தக் கோபம் இல்லை. பிறப்பை முதல் திரையில் கேட்டுவிட்டு, நாற்பது மணி நேரம் கழித்துக் கல்யாணப் பேச்சில் அதை ஞாபகப்படுத்திய கேம் இது. பிறப்பு எங்கே ஞாபகத்துக்கு வரும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காதலைக் காப்பாற்ற வழி இல்லாமலும் இல்லை. அவனை அரசனாக்காதீர்கள். அரியணையை அரசி அனோராவுக்கு விட்டுவிட்டால் அவன் உங்களோடு படைவீரனாகவே இருப்பான். ஆனால் அனோரா லோகெயினின் மகள். நகரத்து எல்ஃப்களை அவர்களுடைய குடியிருப்பிலிருந்தே அந்நிய அடிமை வணிகர்களுக்கு விற்றுப் போருக்குப் பணம் சேர்த்தவன் அந்த லோகெயின். நகரத்து எல்ஃப் பெண்ணாக ஆடுகிறவருக்கு இது என்ன மாதிரித் தேர்வு என்று நினைத்துப் பாருங்கள். காதலன் வேண்டுமா, உன் தெருவை விற்றவனின் மகள் அரியணையில் உட்காராமல் இருக்க வேண்டுமா? ‘காதல் தனிப்பட்ட விஷயம், அதில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்’ என்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

அண்மைக்கால கேம்கள் இந்தச் சிக்கலைத் தாண்டிப் போய்விட்டன. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ நம்மில் பலர் ஆடியது. அதில் துணைக் கதாபாத்திரங்கள் உங்கள் இனம் என்ன, பாலினம் என்ன என்று பார்க்காமல் காதலிக்கிறார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிப்பதற்கு அந்த உலகத்தில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. அதை நான் கொண்டாடுகிறேன். ஆனால் அதே கேமின் தொடக்கத்தில், கொம்பு முளைத்த டீஃப்லிங் அகதிகளைத் தங்கள் தோப்பிலிருந்து துரத்த ஒரு கூட்டம் துடித்துக்கொண்டிருக்கிறது. ட்ரோ இனத்தவராக நீங்கள் போனால் காப்லின்கள் பயந்து வழிவிடுகிறார்கள். ஆக, வாசலில் பிறப்பைக் கேட்கிறார்கள், படுக்கையில் கேட்பதில்லை. நிஜத்தில் பெரும்பாலும் தலைகீழ். அலுவலகத்தில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், சேர்ந்து சினிமாவுக்குப் போவார்கள், கேள்வி வருவது வரன் பார்க்கும்போது.

இப்படி யாருமே கேட்காத உலகம் ஒரு கனவாக நமக்குத் தேவை. சித்தி மகளுக்கு நான் பரிந்துரைப்பது பால்டர்ஸ் கேட் 3-ஐத்தான். ஆனால் ‘யாரும் கேட்கவில்லை’ என்பது வேறு, ‘கேட்டார்கள், நாங்கள் உடைத்தோம்’ என்பது வேறு. பிறப்பு ஒன்றையும் தடுக்காத உலகத்தில் பிறப்பைத் தேர்ந்தெடுப்பது உடை தேர்ந்தெடுப்பது மாதிரிதான். கொம்பு அழகாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் கேம் உருவாக்கக் கற்றுக்கொண்டிருக்கிற தோழர்கள் இதைப் படிக்கக்கூடும். தமிழ் மண்ணை வைத்து ஓர் ஆர்பிஜி எழுதுகிறீர்கள் என்றால் முதல் திரையில் சோழ இளவரசனை மட்டும் நிறுத்தாதீர்கள். ராஜாக்கள் போதும், சினிமாவே நிறைய எடுத்துவிட்டது. அவனுடைய கோயிலுக்குக் கல் சுமந்தவரின் மகளையும் நிறுத்துங்கள். அவளுக்கும் அந்த இளவரசன்மேல் காதல் வரட்டும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை மழுப்பாமல் எழுதுங்கள்.

இன்னும் ஆரிஜின்ஸ் ஆடாதவர்களுக்கு: பழைய கேம் என்பதால் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடிவிடும், தள்ளுபடி நாட்களில் மலிவாகக் கிடைக்கும். முதல் தடவை சாமானியராகவும் இரண்டாம் தடவை ட்வார்ஃப் அரச குடும்பத்திலும் பிறந்து பாருங்கள், வரிசையை மாற்றாமல். நகரத்து எல்ஃபாக ஆடினால் கடைசியில் வரம் கேட்கும் காட்சி வரை போங்கள். போர் முடிந்து அரியணையிலிருந்து ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பார்கள். செல்வம் கேட்கலாம், பதவி கேட்கலாம். எல்ஃப் குடியிருப்புக்கு அரசவையில் அவர்களில் ஒருவரே பிரதிநிதியாக வேண்டும் என்றும் கேட்கலாம். செர்லிண்டாவைத் தேடிப் போங்கள், புழுதிச்சேரியில் இருப்பாள். அவளுடைய அப்பா மதுக்கடையில் இருப்பார், பேசிப் பார்த்தால் மனம் மாறவும் வாய்ப்பு உண்டு. மாறாவிட்டால் அவளைக் குழந்தையோடு மேலே, சூரியன் இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடலாம். அங்கே போன ட்வார்ஃபுக்குச் சாதி போய்விடும் என்பது சட்டம். போனவர்களில் பழைய குலப்பெருமையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை. ஓர்சமாரில் யாருக்கு முடிசூட்டினீர்கள், எந்தப் பிறப்பிலிருந்து சூட்டினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.